1952: குறைந்த 36 இடங்களும் நம் பிள்ளைகளின் பள்ளியும்

(வேங்கிக்கால் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொங்கு சட்டமன்றம் என்றதும் யாருக்கு எத்தனை அமைச்சர் என்றுதான் பேசுகிறோம். நான் 1952-ஐ நினைவூட்டுகிறேன். சென்னை மாநிலத்தில் 375 இடங்கள், காங்கிரசுக்கு 152. பெரும்பான்மைக்கு 36 குறைவு. பிரகாசம் தலைமையில் எதிரணி உரிமை கோரியது. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ, தேர்தலில் நிற்காத இராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சியமைக்க அழைத்தார்.

ஆதரவு நம் வட ஆற்காட்டிலிருந்தும் போனது. காங்கிரசை எதிர்த்து வென்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து ஆதரித்தது.

அடுத்த ஆண்டே வந்தது குலக்கல்வித் திட்டம். பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழில். இதற்கா மக்கள் வாக்களித்தார்கள்? பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1954இல் காமராசர் முதல்வரான பிறகே அது கைவிடப்பட்டது.

கூட்டணி ஆட்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனிப் பெரும்பான்மை இல்லாதபோதுதான் ஒடுக்கப்பட்டோரின் ஐந்தாறு இடங்களுக்கும் மதிப்பு வருகிறது. அந்த மதிப்பைப் பதவிக்கு விற்றுவிடக் கூடாது. பஞ்சமி நில மீட்பு, ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள்: இவற்றைத் தேதியோடு எழுதி வாங்குங்கள், ஊரறிய வெளியிடுங்கள். அதன் பிறகு கை தூக்கலாம்.

ஜெய்பீம்!