பாட்டியின் கைக் கீறல்

இரவுப் பணி முடித்த கையோடு லண்டனிலிருந்து பேசுகிறேன்.

நர்சிங் டிப்ளமோ முடித்ததும் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையடிவாரத்தில் வேலை பார்த்தேன். கையெல்லாம் முள் கீறலோடு ஒரு சோலிகர் பாட்டி வந்தார். "காட்டுக்குள்ள ஏன் போறீங்க?" என்று கடிந்துகொண்டேன்.

"முன்னே இவ்வளவு உண்ணிச்செடி இல்லை சிஸ்டர். கோடை முற்றுமுன் சருகுக்குத் தீ வைப்போம், அதிலேயே கருகிடும்" என்றார்.

1974இல் அந்த மலை சரணாலயமானது. உள்காட்டில் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார்கள்; அந்தச் சிறு தீயும் தடைப்பட்டது. அதனால்தான் உண்ணிச்செடி பெருகியது என்கிறார்கள் சோலிகர். ஆய்வாளர்கள் சிலரும் ஒப்புகிறார்கள். புதர் புல்லை மூடினால் மானுக்கு ஏது மேய்ச்சல்? மான் குறைந்தால் புலிக்கு?

2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, தேனும் நெல்லியும் எடுக்கச் சோலிகருக்குச் சமூக உரிமை கிடைத்தது. ஒரே காட்டில் இரண்டும் சாத்தியம்தான்.

காவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயாளியைக் கூடவே இருந்து பார்த்தவரை முதலில் விசாரிக்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அன்று நான் கீறலுக்கு மருந்து போட்டேன். பாட்டியிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குறைதான் என்னை எழுத வைக்கிறது.