டெண்டரும் உழைப்பாளியின் கூலியும்
(தொழிலாளர்–விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சர்க்கார் டெண்டர் என்பது கண்ட்ராக்டருக்கும் என்ஜினீயருக்கும் உள்ள விவகாரம், நமக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்தப் பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நாம் கொடுக்கும் வரிதானே அது? பள்ளிக்கூடச் சுவர் இடிந்தால், அதனடியில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை?

போட்டியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒருவர் சாமான்களை மொத்தமாக மலிவாய் வாங்குகிறார். நல்ல யந்திரம் வைத்திருக்கிறார். வேலையைத் திட்டமிட்டு நடத்துகிறார். அதனால் குறைந்த தொகைக்கு வேலையைக் கேட்டால் ஜனங்களுக்கு லாபமே. ஆனால் மூன்று வழிகளில் இந்தப் போட்டி கெடுகிறது.

முதலாவது, கள்ளக் கூட்டு. உறை பிரிக்கும் முன்பே நாலு கண்ட்ராக்டர்கள் கூடி, "இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு" என்று பங்கு போட்டுக் கொள்கிறார்கள். மற்ற மூவரும் ஒப்புக்கு அதிகத் தொகை எழுதிப் போடுகிறார்கள். 2002ம் வருடத்துப் போட்டிச் சட்டம் இதைத் தடை செய்கிறது.

இரண்டாவது, கமிஷன். லஞ்சமாகக் கொடுத்த பணத்தைக் கண்ட்ராக்டர் தன் வீட்டிலிருந்து கொண்டு வருவதில்லை. சிமெண்டைக் குறைத்து, மணலைக் கூட்டி எடுத்துக் கொள்கிறார்.

மூன்றாவதுதான் கொடியது: கூலியில் கை வைப்பது. 1982ம் வருடத்து ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லியில் கட்டிட வேலைகள் நடந்தன. சட்டப்படி தினக்கூலி 9 ரூபாய் 25 காசு. ஜமாதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் பிடித்துக் கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் கொடுத்தார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் எழுதிய கடிதத்தையே சுப்ரீம் கோர்ட் மனுவாக ஏற்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23வது ஷரத்து தடுக்கும் கட்டாய உழைப்பே என்று அவ்வருடம் செப்டம்பர் 18ல் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் மனிதனைப் பலவந்தப்படுத்துகின்றன என்பதை ஏற்றுக் கொண்டது. கண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டோம் என்று சர்க்கார் கை கழுவ முடியாது என்றும் கூறியது.

இதிலிருந்து தெரிவதென்ன? சட்டக்கூலி கொடுப்பவனும் கொடுக்காதவனும் ஒரே டெண்டரில் நின்றால் யோக்கியன் தோற்பான். ஆகவே திறமையில் போட்டியிடட்டும். நம் வயிற்றில் போட்டியிட வேண்டாம். சட்டக்கூலிக்கே காணாத தொகையை எழுதும் டெண்டரை சர்க்கார் ஏற்கக் கூடாது. நம்மவர்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கம் டெண்டர் போட்டாலும் இதே நியாயம்தான்.

தோழர்களே! 2005ம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒப்பந்த நகலைக் கேட்கலாம். வேலையை நேரில் பார்வையிடலாம். சாமான்களின் மாதிரியைச் சான்றுடன் பெறலாம். உங்கள் ஊரில் ரோடு போடுகிறார்களா? பத்துப் பேர் கூடுங்கள், மனு எழுதுங்கள், கணக்கைக் கேளுங்கள். கேட்கிற ஜனங்கள் இருக்கும் ஊரில்தான் கள்ளக் கணக்குக்கு இடமிராது!