விளையாட்டிற் பிறக்கும் தாளம்



ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பிக்கவேண்டும் என்றவுடன் ஆர்மோனியப் பெட்டியும் சரளி வரிசையும் பரீட்சையுமே பெற்றோர் பலரின் நினைவுக்கு வருகின்றன. 1931ஆம் ஆண்டில் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சைகள் நடத்தி இசைக்கல்விக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது பரீட்சையன்று, விளையாட்டு. தாளம் முதலில் உடம்பில் ஊறவேண்டும். அதன் பெயரைப் பின்னர்ச் சொல்லிக் கொடுக்கலாம்.

எங்கள் சண்டிலிப்பாயிற் பிறந்த பிள்ளை தாளம் அறியாமற் பாடசாலைக்கு வருவதில்லை. கல்வளைப் பிள்ளையார் கோயிலிலும் சீரணி நாகபூசணி அம்மன் கோயிலிலும் தவிலோசையைக் கேட்டபடியே தாயின் தோளில் உறங்கிய குழந்தைகள் இவர்கள். 1933இற் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் இணுவிலும் நமக்குத் தொலைவில் இல்லை. தவில் பயில்வோர் சொற்கட்டை வாயாற் சொல்லிப் பழகியே கைக்குக் கொண்டுவருவர். சிறுவர்க்கும் அந்த முறையே ஏற்றது. ஆனால், 'தகதிமி' என்று தொடங்க வேண்டியதில்லை. சுன்னாகம் சந்தையிலிருந்து தொடங்கலாம்.

பிள்ளைகள் வட்டமாக அமர்வர். ஒருவன் 'கத்தரிக்காய்' என்பான். அச்சொல்லைக் கத், த, ரிக், காய் என நான்காகப் பிரித்து, ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு தட்டாக எல்லோரும் கைதட்டுவர். அடுத்தவள் 'வெண்டிக்காய்' என்பாள், மூன்று தட்டு. இரண்டையும் சேர்த்து இடைவிடாமற் சொன்னால் ஏழு. 'பாகல் பூசணி' ஐந்து. அதன் முன்னே கத்தரிக்காயைச் சேர்த்தால் ஒன்பது. மூன்று திச்ரம், நான்கு சதுச்ரம், ஐந்து கண்டம், ஏழு மிச்ரம், ஒன்பது சங்கீர்ணம் என ஐந்து சாதிகளும் ஒரே கூடையில் வந்துவிட்டன! இப்பெயர்களைப் பிள்ளைகளுக்கு அன்றே சொல்லவேண்டும் என்பதில்லை. (யாப்பிலக்கணத்தில் வரும் அசை வேறு, இந்தத் தட்டு வேறு. தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்மேற் சினங்கொள்ளலாகாது.)

அடுத்து ஆதி தாளம். முற்றத்து மணலில் வரிசையாக எட்டுக் கட்டங்கள் கீறுக. முதல் நான்கும் லகு. பின் இரண்டிரண்டாக இரு துருதங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் அடியாகப் பிள்ளை நடக்க, மற்றவர் எண்ணித் தட்டுவர். அவன் எட்டை முடித்ததும் அடுத்தவள் தயங்காமல் ஒன்றில் கால் வைக்கவேண்டும். சமம் என்பது அதுவே. இது பழகியபின் ஒரு கட்டத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைப்போம். சிரட்டை உள்ள கட்டத்தைத் தாண்டும்போது எவரும் ஓசை எழுப்பலாகாது. ஆயினும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்தே அப்பாற் செல்லவேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் தடுமாறுவர். ஓசையற்ற இடத்தைச் சுருக்கிக்கொண்டு முந்திப் பாய்வர். அந்தக் கணத்தில் பிள்ளை எண்ணிக்கையைத் தன்னுள்ளேயே தாங்கவேண்டியிருக்கிறது. வகுப்பில் வாய் திறக்கக் கூசும் பிள்ளைகள் சிலர் இந்த விளையாட்டில் எல்லோரையும் வெல்வதைக் கண்டிருக்கிறேன். பாடத் தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கி மேடையேற்றும் முறையில் இவர்கள் எவர் கண்ணிலும் படமாட்டார்கள்.

காலம் என்பதை விளக்குவதே கடினம். இரண்டாம் காலம் என்றால் தாளத்தையே விரைவாக்குவது எனப் பிள்ளைகள் எண்ணுவர். பாட்டனாரும் பேரனும் கைகோத்துக் கோயிலுக்குப் போவதாக நடிக்கச் சொல்லுங்கள். பாட்டனார் ஓரடி வைக்கும் நேரத்தில் பேரன் ஈரடி வைக்கிறான். இருவரும் ஒன்றாகவே வாசலை அடைகின்றனர். பாட்டனாரின் நடை மாறவில்லை. கரும்பலகையில் அரைமணி எழுதினாலும் விளங்காதது இரண்டு நிமிடத்தில் விளங்கும்.

சுவிற்சர்லாந்தில் எமில் ஜாக் டால்குரோஸ் என்னும் இசையாசிரியரும் (1865-1950) உடல் அசைவால் லயத்தை உணர்த்தும் முறை ஒன்றை வகுத்தார். மேலைநாட்டுப் பாடசாலைகள் பல அதைப் போற்றுகின்றன. கும்மியும் கோலாட்டமும் உடைய நாம் அதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பதை வகுப்பறைக்குள் அழைத்தாற் போதும்.

சுருதிக்குப் பூவரசம் இலைக்குழல் உண்டு. குறுகிய குழல் உயர்ந்த ஒலியையும் நீண்ட குழல் தாழ்ந்த ஒலியையும் தரும். உயர்ந்த ஒலிக்கு எழுந்து நிற்கவும், தாழ்ந்ததற்கு அமரவும் பழக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கும்போது, "இன்று மட்டும் சங்கீத பாடத்தைக் கணக்குக்குத் தாருங்கள்" என்று அதிபரிடம் கேட்பார்கள். இவ்வாறு கடனாகப் பெற்ற பாடம் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. நேரசூசியைக் காப்பது அதிபரின் கடமை. பெற்றோர் வந்து முறையிட்டாலும் அவர் இதில் இளகலாகாது என்பது என் துணிபு. கணக்குக்கே நேரம் வேண்டும் என்போர், ஐந்துடன் நான்கைச் சேர்த்து ஒன்பதாக்கிக் கைதட்டும் பிள்ளை வேறென்ன செய்கிறது என்று பார்க்கட்டும்.

மற்றொரு தடை இரைச்சல். நீண்ட மண்டபத்தில் தட்டிகள் மட்டும் இடையிட, அடுத்தடுத்து வகுப்புகள் நடக்கும் பாடசாலைகளில் கைதட்டினால் அயல்வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். மாரியில் முற்றத்துக்கும் போகமுடியாது. அப்போது மழை விளையாட்டு ஆடலாம். ஒரு விரலால் உள்ளங்கையில் எட்டுத் தட்டு, பின்னர் இரு விரலால் எட்டு, அடுத்து மூன்று, நான்கு. தூறல் மழையாகிறது. பின் ஒவ்வொரு விரலாகக் குறைத்து வந்தால் மழை ஓய்கிறது. தாளம் அதுவே, ஓசைதான் ஏறி இறங்கியது. நாற்பது பிள்ளைகள் ஒரு விரலால் தட்டும் ஓசை அடுத்த வகுப்புக்குக் கேட்காது.