காயும் தேனும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யாம் புலவரல்லோம். பள்ளியிறுதி வகுப்பு வரை பயின்று, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறோம். எனினும், திரைப்பாடல்களில் காணும் சொல் விளையாட்டைக் குறித்துச் சிறிது பேசுமாறு சங்கத்தார் பணித்தமையால் இம்மேடையேறத் துணிந்தோம்.

ஒரு சொல்லை இரு பொருள்பட வழங்குவதைச் சிலேடை என்பர். தண்டியலங்காரம் அதனை இருவகைப்படுத்துகிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. பாம்பையும் எள்ளையும் ஒரு வெண்பாவிலும், பாம்பையும் வாழைப்பழத்தையும் மற்றொரு வெண்பாவிலும் இணைத்துப் பாடிய காளமேகப் புலவரை அறியாதார் யார்?

அந்தச் செல்வம் ஏட்டோடு நின்றுவிடவில்லை, திரையரங்கிற்கும் வந்தது. 1962ஆம் ஆண்டு வெளியான 'பலே பாண்டியா' படத்தில், கவிஞர் கண்ணதாசன் நிலவை நோக்கி ஒரு பாடல் அமைத்தார். கேட்போருக்குக் காய்கறிக் கடையில் நிற்பது போலத் தோன்றும். ஆனால் 'காய்' என்னும் அவ்வொலி மரத்துக் காயாகவும் நிற்கிறது. 'ஒளி வீசுக' என நிலவுக்கு இடும் ஏவலாகவும் நிற்கிறது. 'பொருட்டு' என்னும் பொருளிலும் வருகிறது. அத்திக்காய் என்பதைப் பிரித்தால் 'அந்தத் திசையாக' என்றாகிறது. தண்டியாசிரியர் கூறிய பிரிமொழி இதுவன்றோ! 1965இல் வந்த 'வீர அபிமன்யு' படப் பாடலிலோ, வினைமுற்றின் ஈற்றில் வரும் 'தேன்' என்பதையே உண்ணும் தேனாக்கி அவர் இனிக்கச் செய்தார்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் கதாகாலட்சேபம் நிகழ்த்தினார். தில்லை காண ஏங்கிய நந்தனாரை அறிந்தவர்க்கே, கல்வி தேடிப் பட்டணம் செல்ல விழைந்த கிந்தனாரின் பெயர் நகையூட்டும். அதன் கருத்தும் நெஞ்சில் தைக்கும்.

இனி, இவற்றை இவ்வூரில் இருந்துகொண்டு பேசுவானேன்? நம் குழந்தைகள் பள்ளியில் இந்திக் கவிஞர் பிஹாரியின் ஈரடிப் பாடலைப் படிக்கிறார்கள். அதில் 'கனக்' என்னும் சொல் பொன்னையும் ஊமத்தையையும் குறிப்பதைச் சுவைபட நமக்கே விளக்குகிறார்கள். கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதே குழந்தைகள், கைப்பேசியில் ஒலிக்கும் காய்ப் பாடலின் மெட்டை முணுமுணுக்கும்போது, பொருள் யாதென வினவினால் விழிக்கிறார்கள். 'ஏதோ காய்கறிப் பாட்டு' என்கிறார்கள். சிலேடையைச் சுவைக்கும் செவி அவர்களுக்கு உண்டு. தமிழில் அதைத் திறந்துவிடுவாரே இல்லை.

கதையை மொழிபெயர்க்கலாம், அறிவுரையையும் மொழிபெயர்க்கலாம். சிலேடையை மட்டும் பெயர்க்கவியலாது. இந்தியில் காய்க்கு ஒரு சொல், நிலவு காய்வதற்கு வேறொரு சொல். அங்கே விளையாட்டுக் கலைந்துவிடுகிறது. ஆகவே, தமிழ்ச் சிலேடை கேட்டு ஒரு குழந்தை தானாகச் சிரிக்குமாயின், அம்மொழி அதன் உள்ளத்தில் குடிகொண்டுவிட்டது என்று துணிந்து கூறலாம். சந்தையில் விலை கேட்கவும் ஊரிலுள்ள பாட்டியிடம் நலம் உசாவவும் போதுமான தமிழ் வேறு. சிரிக்கத் தெரிந்த தமிழ் வேறு.

எனவே ஒரு வேண்டுகோள். திரைப்பாட்டுத்தானே என்று ஒதுக்காமல், இரவு உணவு வேளையில் ஒரு பாட்டை எடுத்து, ஒரே ஒரு சொல்லின் இரு பொருளை வினவுங்கள். விடையை உடனே கூறிவிடாதீர்கள், குழந்தையே கண்டுபிடிக்கட்டும். கூட்டாஞ்சோறும் கோலப் போட்டியும் நடத்தும் நம் சங்கம், அடுத்த ஆண்டு விழாவில் சிறுவர்க்கெனச் சிலேடைப் போட்டியொன்றும் வைக்குமாயின் பெரிதும் மகிழ்வோம். வெல்பவருக்கு ஒரு புட்டித் தேன் பரிசளிக்க யாம் ஆயத்தமாயிருக்கிறோம். தோற்பவருக்குக் காய் கொடுக்கமாட்டோம் என்றும் உறுதி கூறுகிறோம்!