முடிதிருத்தகமும் தமிழர் மதிப்புணர்வும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ்மன்றத்தில் முடிவெட்டுதலைப் பற்றியும் ஓர் உரையா என்று முறுவலிப்போர் இவ்வவையில் இருத்தல் கூடும். மருத்துவமனையைப் பற்றிப் பேசினால் எவரும் முறுவலியார். வழக்குமன்றத்தைப் பற்றிப் பேசினாலும் முறுவலியார். முடிதிருத்தகம் என்றவுடன் இதழ்க்கடையில் ஒரு நகை தோன்றுகிறதே, அந் நகை எங்கிருந்து வந்தது என்பதே இன்று ஆராயப்படும் பொருள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் காதர் நவாசுகான் சாலை போன்ற செல்வர் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள உயர்தர முடிதிருத்தகம் ஒன்றனுள் ஊர்ப்புறத்திலிருந்து வந்து கணினித்துறையில் பணிபுரியும் ஓர் இளைஞர் நுழைகிறார். முன்னரே நேரங்குறித்துக் கொண்டுதான் வந்துள்ளார். வாயிலில் ஒருவர் வரவேற்கிறார்; குளிர்ந்த நீரோ தேநீரோ தருகின்றனர். முதலில் தலையைப் பின்சாய்த்து வெந்நீரால் கழுவுகின்றனர். பின்னர்க் கண்ணாடிமுன் அமர்த்திக் கழுத்தில் துணி கட்டி, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கவ்விகளால் நிறுத்தி, உச்சிச் சுழி எத்திசையிற் சுழல்கிறது என்று பார்க்கின்றனர். சுழி பாராமல் வெட்டினால் முடி மறுநாளே முள்ளம்பன்றியாய் நிற்கும். நனைந்த முடி நீண்டு தோன்றும், உலர்ந்தால் சுருங்கும். ஆதலின் அறிந்த கை அவ்வளவை முன்னரே விட்டுத்தான் வெட்டும். பிடரியில் எந்திரத்தை ஓட்டும்போது அதன்முன் மாட்டும் சீப்பிற்கு எண்ணுண்டு. முதலாம் எண் 3 மில்லிமீட்டர் நீளமும், இரண்டாம் எண் 6 மில்லிமீட்டர் நீளமும் விட்டுவைக்கும். எல்லாம் முடிந்தபின் சிறுகண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டி, நிறைவுதானா என்று கேட்கின்றனர்.

நுட்பமான வினை! அதற்கு ஐந்நூறோ ஆயிரமோ உருபா கேட்பதைக் குறைகூறுதற்கில்லை. ஆனால் அவ்விளைஞரின் நாவைக் கவனியுங்கள். வெட்டுபவரை அவர் மதிப்போடு விளிக்கிறார். ஒருமையில் ஒரு சொல்லும் வாராது. வெளியேறும்போது நன்றி சொல்லி, கைம்மிகையாக நூறு உருபா வைக்கிறார். நன்று. இதே இளைஞர் பொங்கலுக்கு ஊருக்குச் செல்கிறார். அங்கே அவர் பாட்டனாருக்கும் தந்தைக்கும் தமக்கும் முடிதிருத்திய அறுபது அகவை முதியவர் எதிரே வருகிறார். ‘எப்படிடா இருக்கே?’ என்கிறார் இளைஞர். முதியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ‘நல்லா இருக்கேனுங்க, சின்னையா’ என்கிறார்.

வினை ஒன்று, கத்தரி ஒன்று, சீப்பு ஒன்று. ஒருவர்க்கு ஆங்கிலத்தில் வணக்கம். மற்றவர்க்குத் தமிழில் ‘டா’. இக் கொடுமையைப் பார்க்கும் தமிழ்ப்பகைவன் ஒருவன், ‘உங்கள் மொழி மாந்தனை இழிக்கிறது, ஆங்கிலம் மதிக்கிறது’ என்று சொல்வானாயின், அவனுக்கு என்ன விடை சொல்வது?

விடை வரலாற்றில் உள்ளது. தமிழ்நாட்டில் இவ்வினைஞர்க்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று மருத்துவர் என்பது. அக்குடிப் பெண்டிரே ஊர்தோறும் மகப்பேறு பார்த்தனர். மருத்துவச்சி என்னும் சொல்லே அதற்குச் சான்று. கட்டி கீறுதல், புண்ணாற்றுதல், மூலிகை அரைத்துத் தருதல் என யாவும் கத்தி பிடித்த அக்கையே செய்தது. மேலைநாட்டிலும் இவ்வாறே இருந்தது. இங்கிலாந்தில் 1540இல் முடிதிருத்துநரும் அறுவை மருத்துவரும் ஒரே குழுமமாக இணைக்கப்பட்டனர், 1745இல்தான் பிரிந்தனர். பிரஞ்சு நாட்டின் பெரும்புகழ் அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே முடிதிருத்துநராகப் பயின்றவரே. (நாவிதர் என்பதற்கு ‘நாவால் இதம் செய்வோர்’ எனப் பொருளுரைத்து மகிழ்வார் உளர். அது சொல்லாய்வு ஆகாது. அச்சொல் வடமொழி ‘நாபித’ என்பதோடு உறவுடையது. ‘மருத்துவர்’ இருக்க அதற்கு ஏன் போவது?)

மகப்பேறு பார்த்த கையை, பிணிதீர்த்த கையை, தீண்டத்தகாததாக்கியது தமிழ்மொழி அன்று, சாதி. அச்சாதியே அக்கையை மற்றொரு கொடுமைக்கும் கருவியாக்கியது. ஊரில் ஒரு சாரார்க்கு முடிதிருத்தினால் மற்றொரு சாரார் வாரார் என்று அச்சுறுத்தி, ஒடுக்கப்பட்டோர்க்கு அந் நாற்காலியை மறுக்கச் செய்தது. இது பழங்கதை என்று தள்ளுதற்கில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முடிவெட்ட மறுக்கப்பட்ட செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்துள்ளன. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளுள் நுழைதற்குச் சாதி தடையாகாது என்கிறது. 1948இல் அரசியலமைப்பு அவையில் அதுபற்றிய உரையாட்டு நிகழ்ந்தபோது, கடை என்பதில் சலவையகமும் முடிதிருத்தகமும் அடங்குமா என்னும் வினா எழுந்தது. தன் பணியை நாடி வருவோர் யாவர்க்கும் பணிசெய்ய அணியமாய் உள்ள இடமே கடை என்று அண்ணல் அம்பேத்கர் பொருளை விரித்துரைத்தார். நாட்டின் அடிப்படைச் சட்டத்தை வகுத்தவர்கள் முடிவெட்டுதலைப் பேசத்தக்க பொருளாகவே கருதினர், முறுவலிக்கவில்லை.

1953இல் இராசாசி அரசு கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டத்தை முதியோர் மறந்திரார். பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்ற அத்திட்டத்தைத் தந்தை பெரியாரும் பிறரும் குலக்கல்வித் திட்டம் என்றே பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது. முடிதிருத்துநர் மகன் கத்தரியைத்தான் பிடிக்கவேண்டும் என்னும் கட்டு ஒன்று. கத்தரி பிடிப்பது இழிவு என்னும் எண்ணம் மற்றொன்று. முன்னது பெருமளவு அறுந்தது; பின்னது அறவில்லை.

இவ்விடத்தில் உயர்தர முடிதிருத்தகத்திற்கு உரிய பாராட்டை மறைத்தல் நேர்மையாகாது. அங்கே வருபவரின் சாதியைக் கேட்பார் இல்லை. வெட்டுபவரின் சாதியைக் கேட்பாரும் இல்லை. எக்குடியிற் பிறந்தாரும், ஆணும் பெண்ணும், பயின்று அவ்வினைக்கு வருகின்றனர். மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் வந்த இளையோர் பலர் சென்னையில் இத்துறையில் உழைக்கின்றனர். தாய்மண்ணை விட்டு வந்து, பிறமொழியில் பேசிப் பிழைக்கும் அவர்கள்மேல் சினங்கொள்வது அறமன்று. தமிழ் நான்கு சொல் கற்பிப்பதே அவர்க்குத் தமிழர் செய்யத்தக்க உதவி. ஆயினும் ஒன்று: அக்கடை சாதியை வாயிலில் நிறுத்திவிட்டு, பணத்தையும் ஆங்கிலத்தையும் உள்ளே அமர்த்தியுள்ளது. தமிழில் பேசிய முதியவர் ஒருவர் விலைப்பட்டியலைப் படிக்க இயலாமல் திரும்புவாராயின், அவர்க்கு அதுவும் மூடிய வாயிலே.

இந் நாக்கூச்சம் தமிழர்க்கே உரியதன்று. இருபதாம் நூற்றாண்டில் முடிவெட்டும் கலையையே மாற்றியவர் விடால் சாசூன். 1928இல் இலண்டனில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; வறுமையால் சில ஆண்டுகள் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர்; பதினான்காம் அகவையில் தொழிலுக்கு வந்தவர். கையில் திறமிருந்தும் இலண்டன் மேற்பகுதியின் உயர்தரக் கடைகள் அவரை ஏற்கவில்லை. கரணியம், ஏழையர் வாழ்ந்த கிழக்குப்பகுதிப் பேச்சு அவர் நாவிலிருந்தது. ஒலிப்புப் பயிற்சி பெற்றுப் பேச்சை மாற்றிக்கொண்ட பின்னரே அக்கதவு திறந்தது. 1954இல் பாண்டுத் தெருவில் தம் கடையைத் தொடங்கி உலகப்புகழ் பெற்றார். ஆங்கிலர்க்குள்ளேயே ஓர் ஆங்கிலம் மற்றோர் ஆங்கிலத்தை வாயிலில் நிறுத்தியது! கத்தரிக்கு ஒலிப்புத் தேவையில்லை, கடைக்குத்தான் தேவைப்பட்டது.

அக்கடைகளின் சொற்களாவது வானத்திலிருந்து இறங்கியவையா? ‘சலூன்’ என்பதன் மூலமாகிய பிரஞ்சுச் சொல்லுக்குக் கூடம் என்பதே பொருள், வரவேற்புக் கூடம். ‘சாம்பு’ இந்தி மொழியின் ‘சாம்போ’. பிசை, அழுத்து என்பது பொருள். பாட்னாவில் பிறந்த சேக்கு தீன் முகமது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவிக் குளியலும் உடம்புபிடித்தலும் செய்யும் இல்லம் நடத்தினார். அரசர் இருவர்க்கு அவர் பணிபுரிந்தார். உடம்பு பிடித்தலைக் குறித்த அச்சொல் பின்னர்த் தலைகழுவுதலைக் குறித்து, குப்பியில் அடைபட்டு, கடல் கடந்து திரும்பியது. சீயக்காய் அரைத்த தமிழ்நாடு அதைச் சீமைச்சொல் என்று வணங்கி வாங்கியது.

தமிழிலோ சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆடவர் முடிக்குக் குஞ்சி, பித்தை. பெண்டிர் முடிக்குக் கூந்தல், ஓதி, கதுப்பு, கூழை. முடிக்கும் வகை ஐந்தனையும் சேர்த்து ஐம்பால். வகிடு, உச்சி, பிடரி, சுழி, கற்றை ஆகியவை இன்றும் வீட்டுவழக்கில் உள்ளவை. ‘பிடரியில் ஒட்ட வெட்டுங்கள், உச்சியில் இரண்டு விரல் விடுங்கள், வகிடு இடப்பக்கம், காதுமேல் ஏறவேண்டா’ என்றால் தமிழறிந்த எவ்வினைஞர்க்கு விளங்காது? வள்ளுவர் கூசாமல் ஆண்ட ‘மயிர்’ என்னும் நற்சொல்லை வசைச்சொல்லாக்கி, பின்னர் அதற்கு அஞ்சி ஆங்கிலத்திற்கு ஓடியவர் தமிழரே. மருத்துவர் என்னும் பெயருக்கும் அதுவே நேர்ந்தது. மதிப்பை முதலில் மாந்தரிடமிருந்து பறித்தனர். பிறகு அவரைக் குறித்த சொல் நாறுகிறது என்றனர். வெறும் பெயர்ப்பலகையை மாற்றினால் இந்நோய் தீராது. ‘சிகையலங்காரம்’ என்று வடமொழியில் எழுதிப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் உள்ளே வந்து ‘டேய்’ என்றுதான் அழைத்தார்கள்.

உயர்தரக் கடையின் பளபளப்புக்குள்ளும் உழைப்பின் துன்பம் உண்டு. வருபவர் அரைமணி அமர்கிறார். வினைஞர் நாள்முழுதும் நிற்கிறார். கால் நரம்பு புடைத்தலும் இடுப்பு நோவும் இத்தொழிலின் கூலிகள். முடியை நேராக்கும் சில மருந்துகள் சூடேறுகையில் பார்மால்டிகைடு என்னும் நச்சாவியை விடும். வருபவர் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சில் இழுப்பதை, வினைஞர் நாள்தோறும் இழுக்கிறார். கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அச்சட்டம் இயற்றப்பட்ட 1947ஆம் ஆண்டிலிருந்து அமர்வதற்கு ஓர் இருக்கை சட்டத்தில் ஏற 74 ஆண்டுகள் ஆயின. அதே சட்டத்தின்கீழ் உள்ள விதிகளே பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்றும் கூறுகின்றன.

ஆகவே அடுத்தமுறை அவ்வகைக் கடைக்குச் செல்லும் தமிழர், வெட்டுபவர் பெயரைக் கேட்டு, தமிழில் ‘நீங்கள்’ என்று விளிக்கட்டும். விலைப்பட்டியலைத் தமிழிலும் வைக்குமாறு உரிமையாளரிடம் கேட்கட்டும். இடைவேளையில் அமர அவ்வினைஞர்க்கு இருக்கை உண்டா என்றும் ஒரு சொல் கேட்கட்டும். பொங்கலுக்கு ஊர்செல்லும் இளைஞர், அம்முதியவர் துண்டைத் தோளிலிருந்து எடுக்குமுன், தாமே முந்திக்கொண்டு, ‘வணக்கம் ஐயா, நலமாக இருக்கிறீர்களா?’ என்று கேட்கட்டும்.