கற்குமுன் காணுதல்



சயானில் இரண்டு இடங்கள் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு அறிமுகமானவை. ஒன்று, தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960இல் நிறுவிய கல்லூரி. மற்றொன்று, லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. நம் வாய்ச்சொல்லில், சயான் ஆஸ்பத்திரி. ஒரே வீட்டிலிருந்து பேரன் கல்லூரிக்கும் பாட்டனார் ஆஸ்பத்திரிக்கும் செல்வது இங்கே வழக்கமான காட்சி. அவ்விரு வழிகளும் சேரும் ஓரிடத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். அதுதான் இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்று நாம் வழங்குவது.

நம் நாட்டில் இக்கலை முறையான கல்வியாக வேரூன்றியதில் பம்பாய்க்குப் பெரும் பங்கு உண்டு. இளம்பிள்ளை வாதம் குழந்தைகளின் கால்களை முடக்கிவந்த 1950களின் தொடக்கத்தில், பரேலில் உள்ள கே. ஈ. எம். மருத்துவமனையில் இதற்கெனப் பள்ளி ஒன்று தோன்றியது. 1955இல் ஹாஜி அலியில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் எழுந்தது. இளம்பிள்ளை வாதம் ஒழிந்த நாடென்று இந்தியா 2014இல் சான்று பெற்றது. ஆயினும் இக்கலையின் தேவை குறையவில்லை. பக்கவாதம், ரயில் விபத்து, மூட்டுத் தேய்வு, பிறவியிலேயே மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் என அதன் பணி விரிந்துகொண்டே போகிறது.

இப்படிப்பில் சேர நம் மாணவர்கள் செய்ய வேண்டுவது என்ன? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயில வேண்டும். நீட் தேர்வு எழுத வேண்டும். நோயாளிகளின் அருகே எத்தனை மணி நேரம் இருந்தாய் என்று இங்கே எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் பல கல்லூரிகள் அதைக் கேட்கின்றன. அத்தனை மணி நேரம் உடனிருந்து பார்த்தான் என்பதற்குச் சான்றும் வேண்டுகின்றன. நம்மிடம் விதி கேட்கவில்லை என்பதற்காக நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளாமல் இருக்கலாமா?

தாராவியில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். எம். பி. பி. எஸ். படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை. "இதுவும் டாக்டர் படிப்புத்தானே" என்று யாரோ சொல்ல, கடன் வாங்கிப் பையனைச் சேர்க்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் நோயாளியின் முன் நிற்கும்போதுதான், இது மருந்துச் சீட்டு எழுதும் வேலையன்று, மாதக் கணக்கில் ஒருவரோடு சேர்ந்து உழைக்கும் வேலை என்று அவனுக்கு விளங்குகிறது. மனம் ஒவ்வாவிட்டால் ஆண்டுகளும் பணமும் வீண். பத்து நாள் முன்கூட்டியே பார்த்திருந்தால் இத்துயரம் நேர்ந்திராது.

எப்படிப் பார்ப்பது? மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவுத் தலைவருக்கோ, அருகிலுள்ள சிகிச்சையகத்தின் பொறுப்பாளருக்கோ பணிவுடன் கடிதம் எழுதுங்கள். இன்ன வகுப்பு, இத்தனை நாள், பார்க்க மட்டுமே என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். மறுத்தால் மனம் தளராமல் வேறோரிடத்தில் கேளுங்கள். இது சலுகையே அன்றி உரிமையன்று. அனுமதி கிடைத்த பின்னும் நோயாளியின் இசைவு தனியே வேண்டும். அவர் காட்சிப் பொருளல்லர். கைப்பேசியில் படம் எடுக்கலாகாது, நோயாளியைத் தொடலாகாது, குறிப்பேட்டில் அவர் பெயரை எழுதலாகாது.

எதைப் பார்ப்பது? பல நோயாளிகளை ஒரே நாளில் பார்ப்பதைவிட, ஒரே நோயாளியைப் பல நாள் பார்ப்பது மேல். மாவுக்கட்டு அவிழ்த்த முழங்கை ஏன் நீள மறுக்கிறது? அசையாதிருந்த காலத்தில் மூட்டைச் சூழ்ந்த தசையும் சவ்வும் இறுகிவிட்டன. அளவுகருவி வைத்துக் கோணம் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் சில பாகைகளே கூடியிருக்கும். பக்கவாதம் கண்டவர் நாற்காலியிலிருந்து எழப் பலமுறை முயல்கிறார். அந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் முயற்சியால்தான், மூளையின் பழுதுபடாத பகுதிகள் இழந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. அத்தனை முறையும் சலிக்காமல் அருகே நிற்பவரின் முகத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் நான் நிற்பேனா என்று உங்களையே கேளுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சொல் உண்டு. நம் ஊர் மூதாட்டி ஒருவர் மருத்துவரிடம் இந்தியில் 'தர்த்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார். தமிழில் கேட்டாலோ, குத்துகிறது, கடுக்கிறது, குடைகிறது, சுரீரென்று இழுக்கிறது, மதமதப்பாக இருக்கிறது என்று வகைப்படுத்திச் சொல்வார். ஒவ்வொன்றும் சிகிச்சையாளருக்கு வெவ்வேறு தடயம். மதமதப்பும் சுரீரென்ற இழுப்பும் நரம்பை நினைக்கச் செய்யும். காலையில் எழுந்ததும் தோன்றி நடமாடியதும் தளரும் கடுப்பு மூட்டை நினைக்கச் செய்யும். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இச்சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மராத்தியும் இந்தியும் அறிந்தவர், தமிழின் வலிச்சொற்களையும் அறிந்தால், அவர் இந்நகரில் எத்தனை பேருக்குத் துணையாவார்!

பெற்றோர்களே, "கால் பிடித்துவிடுகிற வேலைதானே" என்று இதை இகழாதீர்கள். "டாக்டர் படிப்பு" என்று மயங்கவும் வேண்டாம். பிள்ளை போய்ப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, "இது எனக்கன்று" என்று திரும்பினால் அது தோல்வியன்று. செலவானது பத்து நாள், காத்துக்கொண்டது பல ஆண்டு. "நான் பார்த்த அந்தப் பெரியவர் இன்று கைப்பிடி இல்லாமல் நான்கு அடி நடந்தார்" என்று முகம் மலர வந்து சொன்னால், அன்றே விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கொடுங்கள்.