காகித ஆலைச் சேற்றில் கல் செய்யலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் இரண்டு குழுக்கள் மனு கொடுத்திருந்தீர்கள். காகித ஆலைக் கழிவுச் சேறு இனாமாகக் கிடைக்கிறது, லாரி வாடகை மட்டும்தான், அதில் கல் செய்து விற்கலாம், கடன் வேண்டும் என்று. தீர்மானம் போடுவதற்கு முன் பத்து நிமிஷம் பேசுகிறேன் என்று தலைவி அக்காவிடம் நான்தான் கேட்டேன்.

சேறு என்று சொல்கிறோமே, அது ஒன்றல்ல, இரண்டு. கழிவுநீரைச் சுத்தம் செய்கிற தொட்டியில் தங்குவது ஒன்று. சாம்பல் நிறத்தில், நார் நாராக இருக்கும். இன்னொன்று வெள்ளைச் சேறு. மரத்தையோ கரும்புச் சக்கையையோ கூழாக்க காஸ்டிக் சோடாவில் வேக வைக்கிறார்கள். அந்தக் காஸ்டிக்கைத் திரும்ப எடுக்க சுண்ணாம்பு போடுவார்கள். வேலை முடிந்த சுண்ணாம்பு அடியில் படியும். அதுதான் சுண்ணாம்புச் சேறு. உங்களிடம் வந்த புரோக்கர் காட்டியது இந்த வெள்ளையைத்தான்.

இதே வெள்ளையை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். முன்பு வேறு மாவட்டத்தில் வேலை பார்த்தபோது ஒரு குழுவுக்கு முன்னின்று வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தேன். சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பல், ஜிப்சம் மூன்றும் கலந்தால் சாம்பல் கல் தயார், சூளையே வேண்டாம் என்றார்கள். அந்த முறை உண்மைதான், நிறைய ஊரில் நடக்கிற தொழில். ஆனால் சுண்ணாம்புக்குப் பதில் எங்களுக்கு வந்தது இந்தச் சேறு. கல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஐப்பசி மழை. காலையில் போய்ப் பார்த்தால் அடுக்கில் ஓரக் கல்லெல்லாம் களி மாதிரி குழைந்து கிடக்கிறது. 12 பேரும் கூலிக்குப் போய்த்தான் வட்டி கட்டினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என்ன தப்பு என்று பிறகுதான் விசாரித்தேன். சுட்ட சுண்ணாம்புதான் சாம்பலோடு சேர்ந்து இறுகும். இந்தச் சேறு சுடாத சுண்ணாம்புக்கல் பொடிக்குச் சமம். சாம்பலோடு ஒட்டாது. நாமே கண்டுபிடிக்கலாம். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் எப்படிக் கொதிக்கும், பார்த்திருக்கிறோம் அல்லவா? சேற்றைக் காயவைத்து ஊற்றிப் பாருங்கள், சும்மா கிடக்கும். எலுமிச்சம்பழச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கும். நீற்றின நல்ல சுண்ணாம்பு அப்படிப் பொங்காது.

அப்போ சேறு உதவாதா என்றால், உதவும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், 1984-ல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் இருக்கிறது. கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதில் பேர் போன ஆலை. சக்கையில் சிலிக்கா, அதாவது மணலில் உள்ள சத்து, ஜாஸ்தி. அது சேற்றில் கலந்துவிடுவதால் திரும்பச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது சிரமம். ஆனால் சிமெண்டுக்குச் சுண்ணாம்பும் வேணும், சிலிக்காவும் வேணும். அதனால் அந்தச் சேற்றையும் கொதிகலன் சாம்பலையும் வைத்து அங்கேயே சிமெண்ட் ஆலை போட்டார்கள். முதலில் நாளுக்கு 600 டன், பிறகு 900 டன். ஆனால் சிமெண்ட் சூளைக்குள் சூடு 1,450 டிகிரி. நம் காளவாயில் அது நடக்காது. சுண்ணாம்புக் காளவாயில் கொட்டலாமே என்றால், மாவாக இருப்பதால் காற்றே போகாமல் அடைத்துவிடும்.

நமக்குக் கை கொடுக்கக்கூடியது அந்த நார்ச் சேறுதான். காயவைத்து, செங்கல் மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு, மிஞ்சினால் பத்து பங்கு கலக்கலாம். சூளையில் நார் எரிந்துபோய் கல்லில் சிறு சிறு துளை விழும். கல் எடை குறையும், வீட்டுக்குள் வெக்கையும் கொஞ்சம் குறையும். அளவு கூடினால் பலம் போய்விடும், தண்ணீரைக் குடிக்கும். இன்னொரு விஷயம், ஈரச் சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடும். லாரி வாடகை கொடுப்பது தண்ணீருக்குத்தான்! வெள்ளைச் சேற்றில் காஸ்டிக் மிச்சம் இருக்கும், கை வெந்துவிடும். நார்ச் சேற்றில் வெளுக்கப் போட்ட மருந்தின் மிச்சம் இருக்கலாம். ஆலையிடம் பரிசோதனை அறிக்கையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் கேட்காமல் ஒரு கூடைகூட இறக்கக் கூடாது.

அதனால் என் யோசனை, இன்றைக்குக் கடன் தீர்மானம் வேண்டாம். நம் கல் அறுக்கிற குழுவின் சூளையில், அறிக்கை வந்த பிறகு, நூறு கல் மட்டும் போட்டுப் பார்ப்போம். காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துத் திரும்ப எடை போடணும். 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போனால் தேறாது. பலத்தைப் பொறியியல் கல்லூரியில் அழுத்திப் பார்ப்பார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டனாவது தாங்கணும்.

மனு கொடுத்த இரண்டு குழுவிலிருந்தும் இரண்டு இரண்டு பேர் வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு வாங்க. புரோக்கர் கொடுத்த வெள்ளைச் சேறு ஒரு படி, எலுமிச்சம்பழம் நாலு எடுத்துட்டு வாங்க. கிளிஞ்சல் நான் வாங்கி வைக்கிறேன்.